"வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா?" என்று கர்ப்பிணியிடம் கேட்பது பற்றி

மகப்பேறு செவிலியர் பயிற்சியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் துணைவரால் வன்முறை உண்டா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு 20 நிமிடம்தான் ஒதுக்கீடு. "ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய? ஒன்றும் செய்ய முடியாத நான் எதற்காகக் கேட்க வேண்டும்? கேட்காமல் விட்டால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது இல்லையா?" என்பது உங்கள் கேள்வி. கூடவே, கணவர் அறையை விட்டு நகர மறுத்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்கும் முறையைப் பற்றிய சந்தேகம் போலத் தெரிந்தாலும், தீர்க்க முடியாத ஒன்றைப் பற்றி விசாரிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் கேட்பதாக எனக்குப் படுகிறது. நேர்மையான கேள்வி. இந்தத் தயக்கம் துளியும் இல்லாமல் படிவத்தில் டிக் அடித்துக்கொண்டு போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம்.

நான் பல ஆண்டுகள் பிரசவ வார்டிலும் கர்ப்பப் பரிசோதனைப் பிரிவிலும் வேலை பார்த்தவள். பிறகு புதிதாக வரும் செவிலியர்களுக்கு இதே விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தவள். வழக்கறிஞர் இல்லை. எந்தத் தகவலைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் இடத்தின் சட்டம் தெரிந்தவரிடம் முதல் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சொல்கிறேன்.

கேளுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லாச் சமயத்திலும் அல்ல, எப்படி வேண்டுமானாலும் அல்ல. அப்புறம், கேட்பதனால் அடி நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்போடும் கேட்காதீர்கள்.

கர்ப்ப காலத்தில் ஏன் கேட்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள, ஒரு துணைவரோடு வாழ்ந்திருக்கிற பெண்களில் நூற்றுக்கு 27 பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது அந்தத் துணைவரால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள். கர்ப்பமாக இருக்கும்போது அடிபட்டவர்களின் கணக்கு இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடுகிறது. அதே நிறுவனம் பல நாடுகளில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானிய நகரம் ஒன்றில் நூற்றுக்கு 1, பெருவின் ஒரு மாகாணத்தில் நூற்றுக்கு 28. உங்கள் பரிசோதனைப் பிரிவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. யாருமே இல்லாத பிரிவு இருக்காது என்பதை மட்டும் சொல்லலாம். அந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. கர்ப்பத்தில் அடிபட்ட பெண்களில் பல இடங்களில் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியவர்கள். அடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் குழந்தையின் தகப்பன்கள்.

குழந்தைக்கும் இதனால் கெடுதல் உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல் என்றும், மனச்சோர்வுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் தொகுத்துச் சொன்னது. குறைப்பிரசவத்தோடும் தொடர்பு இருக்கிறது. வயிற்றில் படும் அடியால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துபோகலாம். மற்றதெல்லாம் சுற்றுவழியில் வருவது: இரும்புச் சத்து மாத்திரை வாங்கப் பணம் தராதது, செக்கப்புக்கு விடாதது, தூங்க விடாதது, பயத்திலேயே ஒன்பது மாதமும் கழிவது. பரிசோதனைக்கு அடிக்கடி வராமல் போகிற பெண்ணை "அக்கறை இல்லாதவள்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எழுதுவதற்கு முன் ஏன் வரவில்லை என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பரவலாகச் சொல்லப்படும் ஒன்றை மட்டும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "குடும்ப வன்முறையில் மூன்றில் ஒரு பங்கு கர்ப்பத்தில்தான் தொடங்குகிறது" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. கர்ப்பத்தில் அடிபடுகிற பெண்களில் பலர் அதற்கு முன்பே அடிபட்டவர்கள். சிலருக்குக் கர்ப்பத்தில் அடி குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது, சிலருக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. யாருக்கு எப்படி ஆகும் என்று வெளியிலிருந்து கணிக்க வழியில்லை. எல்லோரிடமும் கேட்கச் சொல்வதற்குக் கர்ப்பம் வன்முறையைத் தூண்டுகிறது என்பது காரணம் இல்லை. வாழ்நாளில் வேறு எப்போதும் ஆஸ்பத்திரிப் பக்கமே வராத பெண்ணும் கர்ப்பத்தில் மட்டும் பல தடவை வருகிறார். அதுவும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் வருகிறார். பழக்கம் ஏற்படுகிறது. அவ்வளவுதான் காரணம், அது போதும்.

சரி, கேட்பதனால் பயன் உண்டா? இதில் ஆதாரம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். மருத்துவ இடங்களில் பெண்களிடம் வழக்கமாகக் கேட்பது பற்றிய சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்டது. 13 சோதனைகள், 15,000-க்குச் சற்றுக் குறைவான பெண்கள். கேட்டால் கண்டறியப்படுகிறவர்களின் எண்ணிக்கை தெளிவாகக் கூடுகிறது, அதுவும் கர்ப்பப் பரிசோதனை நடக்கும் இடங்களில் இன்னும் அதிகமாகக் கூடுகிறது. இது உறுதி. ஆனால் கேட்டதனால் அந்தப் பெண்கள் மீதான வன்முறை குறைந்தது என்றோ அவர்களின் உடல்நலம் மேம்பட்டது என்றோ அந்த மதிப்பாய்வால் காட்ட முடியவில்லை. கேட்டதனால் கெடுதல் நடந்ததா என்று அளந்து பார்த்த ஆய்வுகள் குறைவு. பார்த்தவை கெடுதலைக் காணவில்லை. குறைவான ஆய்வுகளை வைத்து "கெடுதலே இல்லை" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அதே மாதிரி "கேட்டுப் பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேட்டதோடு நிற்காமல் தொடர்ந்து உதவி கொடுத்தால் கதை மாறலாம் என்பதற்குச் சில நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. வாஷிங்டன் நகரில் 1,044 கறுப்பினக் கர்ப்பிணிகளிடம் நடந்து 2010-இல் வெளியான சோதனையில், செக்கப்புக்கு வரும்போதே ஆலோசனையும் கொடுத்தார்கள். வன்முறை, மனச்சோர்வு, புகைப்பழக்கம் என்று அவரவருக்கு எது இருந்ததோ அதைப் பற்றி. ஆலோசனை பெற்றவர்களுக்கு மறுபடி வன்முறை நேர்வது குறைந்தது; மிக முன்கூட்டியே பிறந்த குழந்தைகளும் குறைந்தன. ஒரு சோதனையை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. ஆனாலும் கேள்வியும் உதவியும் ஒரே இடத்தில், ஒரே ஆட்களிடம் இருப்பது முக்கியம் என்று நான் நினைப்பதற்கு அது ஒரு காரணம்.

இதனால்தான் பெரிய அமைப்புகளே ஒரே குரலில் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் எல்லா மருத்துவ இடங்களிலும் எல்லாப் பெண்களிடமும் கேட்பதைப் பரிந்துரைக்கவில்லை. அறிகுறியோ காயமோ பார்த்தால் கேளுங்கள் என்றது. கர்ப்பப் பரிசோதனையில் மட்டும், அடிப்படை ஏற்பாடுகள் இருந்தால், வழக்கமாகக் கேட்பதை யோசிக்கலாம் என்றது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல், பேறுகாலப் பிரிவுகளில் பயிற்சி பெற்றவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும் என்றது. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழுவும் 2018-இல் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் எல்லோரிடமும் கேட்கச் சொன்னது. ஆனால் தொடர்ந்த உதவியோடு சேர்த்துத்தான் சொன்னது. பார்த்தால் முரண் போலத் தெரியும். உள்ளே போய்ப் படித்தால் எல்லாரும் ஒரே நிபந்தனைகளைத்தான் வைக்கிறார்கள்: தனிமை, ரகசியம், பயிற்சி, எழுதி வைத்த வழிமுறை, அனுப்பி வைக்க ஓர் இடம். இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில் கேள்வியை மட்டும் படிவத்தில் சேர்த்துவிட்டு உங்களைத் தள்ளிவிட்டிருந்தால், தவறு உங்கள் தயக்கத்தில் இல்லை, அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. மேலதிகாரியிடம் அதைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

இனி என் சொந்தக் கருத்து. நாம் கேட்பது வாக்குமூலம் வாங்குவதற்காக இல்லை. எத்தனை பேர் "ஆமாம்" என்றார்கள் என்பதை வைத்து நம் வேலையை அளந்தால் அது தவறான அளவுகோல். ஒரு பெண் "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாலும், இந்த இடத்தில் இதைப் பேசலாம், பேசினால் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு போகிறார். முதல் தடவை இல்லை என்று சொல்லி, பல வாரம் கழித்துத் தானே வந்து சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உடன் வேலை பார்த்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் மகப்பேறு செவிலியர்கள் வழக்கமாகக் கேட்டதைப் பற்றி 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் பதிவில் ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு 2-க்கும் குறைவு, 34-ஆம் வாரத்தில் ஏறக்குறைய 6. இடையில் புதிதாகத் தொடங்கியதும் இருக்கலாம், நம்பிக்கை வளர்ந்ததும் இருக்கலாம். எதுவானாலும் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிந்தது என்று வைக்கக் கூடாது என்பது அதிலிருந்து தெரிகிறது. குறைந்தது மூன்று கட்டங்களில் கேளுங்கள்: பதிவின்போது, கடைசி மூன்று மாதங்களில், பிரசவத்துக்குப் பிறகு.

தனிமை விஷயத்தில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணவர், மாமியார், அம்மா, தோழி, யார் கூட இருந்தாலும் கேட்காதீர்கள். பேசிப் பழகும் வயதுக் குழந்தை இருந்தாலும் கூடாது. குழந்தை வீட்டில் போய்ச் சொல்லிவிடும், அதற்குப் புரியாமலே. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருந்தால் அது தனிமை இல்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் குடும்பத்தினரையோ தெரிந்தவரையோ வைக்கக் கூடாது. வெளியாளான மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால் அன்று கேட்காமல் விடுங்கள். தொலைபேசியில் பேசும்போது ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "இப்போது தனியாகப் பேச வசதிப்படுமா?" என்று கேட்டு, ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி வையுங்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் ஒரு முன்னுரை. "நிறையப் பெண்களுக்கு வீட்டில் பயம், அடி என்று இருக்கிறது. அது தாயின் உடம்பையும் குழந்தையையும் பாதிக்கும் என்பதால் இங்கே வருகிற எல்லோரிடமும் கேட்கிறோம். விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம்." அடுத்து, ரகசியத்தின் எல்லையைக் கேள்விக்கு முன்பே சொல்லுங்கள். எதை நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள், எந்தச் சூழ்நிலையில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும் என்று. அவர் மனம் திறந்து சொன்ன பிறகு "இதை நான் மேலே தெரிவிக்க வேண்டும்" என்று சொல்வது துரோகம். அந்தப் பெண் திரும்ப எந்த ஆஸ்பத்திரியிலும் வாய் திறக்க மாட்டார். பிறகு நேராகக் கேளுங்கள், நடக்கும் காரியங்களைச் சொல்லிக் கேளுங்கள். "துணைவர் உங்களை அடிப்பது, தள்ளுவது, உதைப்பது உண்டா?" "அவருக்குப் பயந்து நடக்க வேண்டியிருக்கிறதா?" "நீங்கள் விரும்பாதபோது கட்டாயப்படுத்துகிறாரா?" "யாரோடு பேசலாம், எங்கே போகலாம், காசு எவ்வளவு என்பதையெல்லாம் அவரே முடிவு செய்கிறாரா?" "வீட்டில் வேறு யாராவது இப்படி நடந்துகொள்கிறார்களா?" "குடும்ப வன்முறைக்கு ஆளாகிறீர்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் வாரம் ஒரு தடவை அறை வாங்குகிற பெண்கூட இல்லை என்றுதான் சொல்வார், தன் வாழ்க்கையை அவர் அப்படிப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைதானே?" என்று முடிக்காதீர்கள். அது கேள்வி இல்லை, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்ற வேண்டுகோள்.

இப்போது உங்களை மிகவும் பயமுறுத்தும் இடத்துக்கு வருகிறேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கணத்தில் நீங்கள் எதையும் தீர்க்க வேண்டாம். குறுக்கே பேசாமல் கேளுங்கள். "சொன்னதற்கு நன்றி. இது உங்கள் தப்பு இல்லை. யாருக்கும் உங்களை இப்படி நடத்த உரிமை கிடையாது" என்று சொல்லுங்கள். சாதாரண வாக்கியங்கள்தான். ஆனால் பலர் அதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். பிறகு "இப்போது உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். "போலீஸ் வேண்டாம், தங்கும் இடம் வேண்டாம், இரவில் தூங்க முடியவில்லை, அதற்கு ஏதாவது சொல்லுங்கள்" என்பார். அல்லது அடுத்த குழந்தை உடனே வராமல் இருக்க, துணைவருக்குத் தெரியாமல் என்ன முறை இருக்கிறது என்று கேட்பார். கருத்தடை முறையில் துணைவர் கை வைப்பது, கர்ப்பமாக்கியே தீருவேன் என்று கட்டாயப்படுத்துவது எல்லாம் வன்முறையின் பகுதிதான், அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. ஆக, "என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்று நீங்கள் எழுதியது சரியில்லை. மகப்பேறு செவிலியரால் செய்ய முடிகிற காரியங்கள் நிறைய.

அடுத்து, இன்றைக்கு வீட்டுக்குப் போவது பத்திரமா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2014 கையேட்டில் இதற்கு ஆறு கேள்விகள் இருக்கின்றன. கடந்த ஆறு மாதத்தில் அடி அதிகமாகியிருக்கிறதா அல்லது கடுமையாகியிருக்கிறதா? ஆயுதத்தைப் பயன்படுத்தியோ காட்டியோ மிரட்டியிருக்கிறாரா? கழுத்தை நெரிக்க முயன்றிருக்கிறாரா? அவர் உங்களைக் கொன்றுவிடக்கூடும் என்று நினைக்கிறீர்களா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்திருக்கிறாரா? எப்போதும் கடுமையான சந்தேகத்தோடு இருக்கிறாரா? மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆமாம் என்றால் உடனடி ஆபத்து அதிகம் என்று கொள்ளச் சொல்கிறது அந்தக் கையேடு. அப்போது நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள், மூத்தவரை அழைத்துவிடுங்கள், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு. இரண்டுதான் ஆமாம் என்று வந்தாலும், அந்தப் பெண்ணே "இன்று போகப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அந்த வார்த்தையை நம்புங்கள். அவருடைய துணைவரை நம்மைவிட அவருக்குத் தெரியும்.

கழுத்தை நெரித்தது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை, நாமும் பெரிதாகக் கேட்பதில்லை. முன்பு ஒரு முறை துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் அவர் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. வெளியே தடயமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். கழுத்து இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, பல நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, நினைவு தப்பியதா, தன்னை அறியாமல் சிறுநீர் போனதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். வயிற்றில் அடிபட்டிருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு, அசைவு, இரத்தப்போக்கு, கருப்பை இறுக்கம் எல்லாம் பார்க்கப்பட வேண்டும். தாயின் இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் போடுவது வழக்கம். பெண்கள் "படியில் விழுந்தேன்" என்று சொல்லிக்கொண்டு இரத்தப்போக்கோடு வரும்போது இதெல்லாம் தாமதமாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செய்யக் கூடாதவை சில. "ஏன் இன்னும் அவரோடு இருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். பிரிந்து வா என்று வற்புறுத்தாதீர்கள். பிரியும் நேரமும் பிரிந்த பின் வரும் மாதங்களும்தான் பல பெண்களுக்கு உயிராபத்து கூடுகிற காலம். எப்போது, எப்படி, யார் துணையோடு என்பதைத் திட்டமிட்டு அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நல்லெண்ணத்தில் கணவரைக் கூப்பிட்டு "இப்படிச் செய்யாதீர்கள், மனைவி மாசமாக இருக்கிறார்" என்று புத்தி சொல்கிற மூத்தவர்கள் சில இடங்களில் உண்டு. தயவு செய்து அதைத் தடுங்கள். அன்றிரவு அதற்கு விலை கொடுப்பது அந்தப் பெண். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவதும் அப்படித்தான். கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணிக்காதீர்கள், வீட்டில் பையைச் சோதிப்பார்கள் என்றால் அது ஆபத்து. உதவி எண் வேண்டுமா, எப்படி வைத்துக்கொள்வது பத்திரம் என்று அவரிடமே கேளுங்கள். மனப்பாடம் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள், வேறு பெயரில் போனில் பதிகிறவர்கள் இருக்கிறார்கள்.

இல்லை என்று சொல்கிறார், ஆனால் கையில் தழும்பு தெரிகிறது. என்ன செய்வது? விவாதம் வேண்டாம். "சரி. பின்னால் எப்போதாவது பேச வேண்டும் போல இருந்தால், செக்கப் நாள் இல்லாவிட்டாலும் வரலாம்" என்று சொல்லிவிட்டு மருத்துவக் காரணத்துக்காகக் காயத்தைப் பாருங்கள். இல்லை என்று சொல்வதும் அவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாக இருக்கலாம். அவருக்குத் தெரிந்த ஒரு கணக்கு நமக்குத் தெரியாது.

பதிவு எழுதுவதில் இரண்டு விஷயம். பெண் கையில் வீட்டுக்குக் கொண்டுபோகும் அட்டையிலோ, துணைவர் திறந்து பார்க்கக்கூடிய செயலியிலோ இதைப் பற்றி ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் உள்பதிவில் மட்டும் எழுதுங்கள். அங்கே எழுதும்போது முழுமையாக எழுதுங்கள்: அவர் சொன்ன வார்த்தைகள் மேற்கோள் குறிக்குள், காயத்தின் இடம், அளவு, நிறம், உடல் வரைபடத்தில் குறித்து. "அடிபட்டதாகக் குற்றம் சாட்டுகிறார்" என்று எழுதாதீர்கள், "அடித்ததாகக் கூறுகிறார்" என்று எழுதுங்கள். பல ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள் எழுதிய அந்தப் பக்கமாக இருக்கலாம்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவிலியர்களும் பெண்கள், அவர்களில் பலரும் வீட்டில் இதையே அனுபவிக்கிறவர்கள். பயிற்சி வகுப்பில் இதைப் பேசும்போது எழுந்து வெளியே போகிறவர்கள் எப்போதும் உண்டு, ஏன் போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. உங்களுக்கு இந்தக் கேள்வி சொந்தக் காரணத்தால் கனமாக இருந்தால், பொறுப்பாளரிடம் சொல்லி வேறொருவரைக் கேட்க வைப்பதில் எந்தக் குறைவும் இல்லை. கனமான ஒன்றைக் கேட்ட நாளில் ரகசியம் காக்கத் தெரிந்த மூத்தவரிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கடைசியாக, வெளியே போக மறுக்கும் கணவர். அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவர் சந்தேகப்பட்டால் அந்தச் சந்தேகம் வீட்டுக்குப் போகும். பிரச்சினையை அந்த அறையில் தீர்க்க முடியாது, முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். "ஒவ்வொரு கர்ப்பிணியையும் சிறிது நேரம் தனியாகப் பார்ப்பது இங்கே நடைமுறை" என்று வாசலிலேயே பலகை வைத்துவிட்டால், அது உங்கள் பேச்சாக இல்லாமல் ஆஸ்பத்திரியின் விதியாகிவிடும். அதுவும் இல்லையென்றால் எடை பார்க்க, சிறுநீர் மாதிரி எடுக்க, உள்பரிசோதனைக்கு என்று பெண்ணை மட்டும் அழைத்துப் போகும் நேரங்கள் இருக்கின்றன. பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் அறிவிப்பு ஒட்டி, பேச விரும்புகிறவர் சிறுநீர்ப் பாட்டிலில் ஒரு வண்ணப் புள்ளி ஒட்டிக் கொடுக்கலாம் என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. இவை எதுவும் அன்று நடக்கவில்லை என்றால் கேட்காதீர்கள். உள்பதிவில் "கேட்கவில்லை, துணைவர் உடனிருந்தார்" என்று எழுதி, அடுத்த வருகையை முடிந்தவரை சீக்கிரம் வையுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து அதே வாக்கியத்தை எழுத நேர்ந்தால் மூன்றாவது வருகைக்கு முன் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு கணம்கூடத் தனியாக விடப்படாத பெண்ணைப் பற்றி அந்த இரண்டு வரிகளே போதுமான தகவல் தருகின்றன.